குழி சட்டப்படிதான் இருக்கு

— 'இந்த மாமாவுக்கும் வீடு இல்லியா, நம்மள மாதிரி?' அப்படின்னு கேட்டான் ஒரு பொடியன். இதே சுவத்துக்குக் கீழ நின்னு, அண்ணாந்து பாத்துக்கிட்டு.

— எந்த மாமா, சேச்சி?

— போஸ்டர்ல பல்லைக் காட்டிக்கிட்டிருந்த மாமா. அந்த வருஷம் நின்ன வேட்பாளர். 'சொந்த வீடு இருந்தா எதுக்கு நம்ம சுவத்துல வந்து நிக்கிறாரு?'ன்னான். உனக்குத் தெரியுமா சுகதா? நீதானே இந்த ஊர்ச் சுவத்துல எல்லாம் அவங்களைக் குடி வைக்கிறே?

— நான் வெறும் பிரஷ், கொச்சுராணிச் சேச்சி. முக்கினா எழுதுவேன். முக்கின கை யாருதுன்னு பிரஷ் கேக்குமா? ஆமா, யாரு அந்தப் பொடியன்?

— இருந்தான் ஒருத்தன். பேச்சை மாத்தாதே. சுண்ணாம்பு வாளியைக் கீழ வை. பொழுது விடியறதுக்குள்ள வந்து என் சுவத்துல என்ன எழுதப் பாத்தே?

— எழுத வரலை சேச்சி. பிடிச்சு வைக்க வந்தேன். மூலையில சின்னதா 'பிடிச்சாச்சு'ன்னு போட்டு, முன்னணி பேரையும் வருஷத்தையும் எழுதிட்டா முடிஞ்சுது.

— பஸ்ஸுல துண்டு போட்டு இடம் பிடிக்கிற மாதிரியா?

— அதேதான். ஒருத்தர் பிடிச்ச சுவத்துல இன்னொருத்தர் கை வைக்க மாட்டாங்க. மத்த எல்லாத்துக்கும் மண்டையை உடைச்சுக்குவாங்க. இதுல மட்டும் பரஸ்பர மரியாதை.

— சுவத்துக்குச் சொந்தக்காரிக்குத்தான் மரியாதை கிடையாது. போன தேர்தல்ல நான் சர்ச்சுக்குப் பூசைக்குப் போயிருந்தேன், கேட்டியா. திரும்பி வந்து பாத்தா இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் மீசை. ஆளுயர மீசை. அடுத்த வாரம் ஜீப்புல வந்து அழிச்சாங்க. அழிச்சிட்டு எனக்கு நோட்டீஸ். 'உன் சுவத்துல எழுத விட்டதுக்கு உன் மேல ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது?'ன்னு.

— சட்டம் அப்படித்தான் இருக்கு சேச்சி.

— என்னைக் காப்பாத்தறதுக்குப் போட்ட சட்டமாம். எழுதினவனை விட்டுட்டு என் கையைப் பிடிக்குது. டி.வி.ல பாத்தேனே அவங்க சட்டம் போடற லட்சணத்தை! ஒருத்தர் மேஜை மேல ஏறி நிக்கிறாரு, ஒருத்தர் துணியை விரிச்சுப் பிடிக்கிறாரு, மூணாவது ஆளு மைக்கைப் பிடுங்கறாரு. அந்தக் கூச்சல்லயே ஒரு கத்தைச் சட்டம் நிறைவேறிடுச்சுன்னு கீழ எழுத்து ஓடுது. ஆதரிக்கிறவங்க கையைத் தூக்கச் சொன்னப்ப, அடிக்கத் தூக்கின கையையும் சேத்து எண்ணிட்டாங்களோ என்னவோ.

— ஹா! இதை நான் டீக்கடையில சொல்லிக்கலாமா?

— சொல்லிக்கோ. இன்னிக்கு உன்னை யாரு அனுப்பினாங்க?

— பஞ்சாயத்து மெம்பர் பேபிச்சன் ஆளுங்க.

— மறுபக்கத்துக்கு எழுதறது?

— அதுவும் நான்தான். இவங்களுக்கு வலது கையால எழுதுவேன், அவங்களுக்கு இடது கையால. எழுத்து ஒரே மாதிரி இருந்தா ரெண்டு பேரும் சண்டைக்கு வர்றாங்க. வயிறு ஒண்ணுதானே இருக்குன்னு சொன்னா புரிய மாட்டேங்குது. ஆனா ஒண்ணு சொல்லணும் சேச்சி. மறுபக்கத்து வேட்பாளர் பவித்ரன் இருக்கானே, அவன் இந்தச் சுவத்தைக் கேக்கவே இல்லை. முக்குல இதைவிட நல்ல சுவர் ஏது? அவன் ஆளுங்க ஆசைப்பட்டாங்க. அவன்தான் 'கொச்சுராணிச் சேச்சி சுவத்தை மட்டும் தொடக் கூடாது'ன்னுட்டான். உங்க வாய்க்கு அவ்வளவு பயம்.

— ஒருத்தனாவது பயப்படட்டும். சரி, பேபிச்சன்கிட்ட போய்ச் சொல்லு. சுவத்தைத் தரேன். மேலயிருந்து கீழ வரைக்கும் அவன் மூஞ்சியை வரைஞ்சுக்கட்டும். பதிலுக்கு என் கேட்டுக்கு நேரா, ரோட்டோரச் சாக்கடை மேல திறந்து கிடக்கிற இந்தக் குழிக்கு ஒரு ஸ்லாப் போடட்டும்.

— அய்யோ சேச்சி, தேர்தல் அறிவிச்சாச்சு. நடத்தை விதி வந்தாச்சு. இனி ஒரு கல்லை நகர்த்தினாலும் குத்தம்.

— அறிவிக்கிறதுக்கு முன்னாடி போட்டிருக்கலாமே?

— முன்னாடி ஃபண்ட் வரலையாம்.

— அதுக்கும் முன்னாடி?

— அதுக்கு முன்னாடி பார்லிமெண்ட் தேர்தலோட நடத்தை விதி.

— ஆகக்கூடி, இந்த நாட்டுல கல்லு போடறதுக்குன்னு ஒரு நாளே கிடையாது. நான் கேக்காத இடம் இருக்கா, சொல்லு? பஞ்சாயத்துல போய்க் கேட்டா, ஸ்லாப் பொதுப்பணித் துறையோடதுங்கறாங்க. பொதுப்பணிக்குப் போனா, ஸ்லாப் எங்களுது, ஆனா குழி பஞ்சாயத்தோடதுங்கறாங்க. ரெண்டு பேருமா சேர்ந்து, உள்ள ஓடற தண்ணி நீர்ப்பாசனத்துக்குச் சொந்தம்னு சொல்லிட்டாங்க. விழற கால் மட்டும்தான் நம்முது.

— மந்திரி வந்து குறை கேட்டாரே, அங்க போனீங்களே?

— போனேன். வெயில்ல வரிசையில நின்னேன். மந்திரி ரெண்டு கையையும் பிடிச்சு 'அம்மா, கவலைப்படாதீங்க'ன்னாரு. வீட்டுக்கு வர்றதுக்குள்ள போனுக்குச் செய்தி வந்துடுச்சு: உங்க குறை தீர்க்கப்பட்டது. கேட்டைத் திறந்துக்கிட்டே படிச்சேன். குழியைப் பாத்தேன். அதுக்கு இன்னும் யாரும் சொல்லலை போலிருக்கு.

— கிராம சபையில சொல்லியிருக்கணும் நீங்க.

— கையைத் தூக்கினேனே! 'சேச்சி உட்காருங்க, இப்ப முக்கியமான தீர்மானம்'னாங்க. எங்கேயோ கடலுக்கு அந்தப் பக்கம் நடக்கிற சண்டையைக் கண்டிச்சுத் தீர்மானம். ஏகமனதா நிறைவேறிச்சு. நானும் கை தூக்கினேன், வேண்டாம்னு சொல்ல முடியுமா? பாவம், அங்கயும் ஜனங்கதானே. அப்புறம் பிஸ்கட்டும் காப்பியும் குடுத்துக் கூட்டத்தை முடிச்சுட்டாங்க.

— விடுங்க சேச்சி. இத்தனை நாள் சமாளிச்சீங்க. இன்னும் கொஞ்சம் சமாளிக்க மாட்டீங்களா?

— அதுதான் முடியாது. திங்கட்கிழமை எனக்கு முட்டி ஆபரேஷன். மகள் வந்து கூட்டிட்டுப் போறா. நடுவுல ஓட்டுப் போட ஒரு நாள் வந்தா உண்டு, மத்தபடி கிறிஸ்துமஸுக்குத்தான் திரும்பி வருவேன். நான் இல்லாதப்ப துலா மாச அடைமழை பெஞ்சா ரோடும் குழியும் ஒண்ணாத்தான் தெரியும். தாசப்பன் என்ன செய்வான்?

— லாட்டரி தாசப்பனா?

— வேற யாரு? வெயில் அடிக்கிறப்பவே அவனுக்குப் பாதிக் கண்ணு. விடிஞ்சதும் டிக்கெட்டுக் கட்டைத் தூக்கிக்கிட்டு, என் சுவத்தைத் தடவிக்கிட்டே வருவான். மழை நாள்ல நான் குடையோட கேட்டுல நின்னு, 'தாசப்பா, வலது பக்கம் ஒதுங்கு'ன்னு சொல்லணும். போன வருஷம் ஒரே ஒரு நாள், காய்ச்சல், எழுந்திரிக்க முடியலை. அன்னிக்குப் பாத்து விழுந்தான். கால் ஒடிஞ்சு, ஓணம் முழுக்கப் படுக்கை. அங்கன்வாடிப் பிள்ளைங்களும் இப்படித்தான் வருதுங்க.

— பலகையாவது போட்டு வைங்களேன்.

— ரெண்டு தடவை போட்டேன். ஒண்ணைத் தண்ணி அடிச்சுக்கிட்டுப் போச்சு. இன்னொண்ணைத் தலைவர் வர்றாருன்னு மேடைக்குத் தூக்கிக்கிட்டுப் போனாங்க. தண்ணியாவது எங்க கொண்டு போச்சுன்னு தெரியும். கால்வாய்க்கு.

— சரி, ரெண்டு கட்சி ஆபீசுலயும் சொல்லிப் பாக்கறேன். வழியில கேக்கறவங்ககிட்டயும் சொல்றேன். ரெண்டு கையாலயும் சொல்றேன், போதுமா?

— போதும். உள்ள வா. மரவள்ளிக்கிழங்கு வெந்திருக்கு. ராத்திரி வச்ச மீன் குழம்பு இருக்கு. தின்னுட்டுப் போ.

— சுவத்துல எழுத வந்தவனுக்கா?

— பிரஷ்ஷுக்குப் பசிக்காதா? வா.

*

— சேச்சி! கொச்சுராணிச் சேச்சி! வெளிய வாங்க! குழியைக் காணோம்!

— என் ஈசோயே! அதையுமா தூக்கிட்டுப் போயிட்டாங்க?

— நீங்க நேத்து சொன்னீங்க, இன்னிக்கு வந்து பாருங்க. கல்லு! குழி மேல கல்லு! ஆடாம அசையாம உட்காந்திருக்கு!

— மெதுவாக் கத்துடா, வர்றேன். முட்டி உன் அவசரத்துக்கு மடங்காது... அந்தோணியாரே! நிசம்தான். தாசப்பன் வந்தானா?

— இப்பத்தான் போனான். கம்பால ஒரு தட்டு தட்டினான். நம்பலை. இன்னொரு தட்டு. அப்புறம் கம்பைக் கக்கத்துல வச்சுக்கிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டான். யாரைன்னு தெரியலை. அவனுக்கும் தெரிஞ்சிருக்காது.

— யாருக்குப் போய்ச் சேரணுமோ சேர்ந்திருக்கும். யாரு சுகதா போட்டது?

— அதைத்தான் ஊரே கேக்குது. விடிஞ்சதும் பேபிச்சன் ஆளுங்க 'எங்க மெம்பரோட சாதனை'ன்னாங்க. என்னைக் கூப்பிட்டுக் கலுங்குப் பாலத்துச் சுவத்துல 'சொன்னதைச் செய்தோம்'னு எழுதச் சொன்னாங்க. 'சொன்னதை' வரைக்கும் எழுதினேன். மூச்சு வாங்க ஒருத்தன் ஓடி வந்து 'நிறுத்து, நிறுத்து, அழி!'ன்னான்.

— ஏனாம்?

— மண்ணுல கைவண்டித் தடம் இருந்துச்சு. தடம் மெயின் ரோட்டுலேர்ந்து வரலை, காலனிப் பக்கத்துலேர்ந்து வந்திருக்கு. பவித்ரன் வீடு அங்கதானே? தடத்தை அழிக்காம விட்டது எந்த மடையனோ! அவ்வளவுதான், சாதனை புகார் ஆயிடுச்சு. 'ஓட்டுக்காகக் கல்லு குடுத்தான்'னு தேர்தல் ஸ்குவாடுக்கு போன் போட்டுட்டாங்க.

— பவித்ரன் என்ன சொல்றான்?

— 'நான் போடலை, எனக்கு ஒண்ணும் தெரியாது'ங்கறான். அரசியல்ல இறங்கினவன் அதைச் சொன்னா யாரு நம்புவாங்க? அவன் கட்சிக்காரங்களே கண்ணடிச்சுக்கிட்டு 'பிரமாதம்'னு முதுகுல தட்டறாங்க. பையன் அழுதுடுவான் போல நிக்கிறான்.

— நிரூபிச்சா என்ன ஆகும்?

— ஓட்டுக்கு லஞ்சம். ஜெயிச்சாலும் செல்லாதுங்கறாங்க, ஆறு வருஷம் நிக்க முடியாதுங்கறாங்க. போதாக்குறைக்கு அவன் அம்மா தேவகியம்மா இன்னிக்குக் கால்வாய்ப் படியில உட்காந்து துணி துவைக்கிறாங்க. பேபிச்சன் ஆளுங்க போட்டோ எடுத்து, 'மகன் நின்னதும் அம்மா ஜனங்களோட ஜனமா நாடகம்'னு எல்லாருக்கும் அனுப்பிட்டாங்க.

— தேவகியா? கால்வாய்ப் படியிலயா? அவளுக்கு இடுப்பு வலியாச்சே. படி இறங்கவே கூடாதே. வீட்டுப் பின்னாடிதானே துவைப்பா?

— எனக்கென்ன தெரியும் சேச்சி? நான் வெறும்... அதோ, ஜீப்பு வந்துடுச்சு.

*

— கொச்சுராணி ஜோசப்ங்கறது நீங்கதானே? என் பேரு ஹம்சக்கோயா. தேர்தல் ஸ்குவாட்.

— வாங்க சாரே. போலீசா?

— இல்லம்மா, மீன்வளத் துறை.

— மீனா?

— கெண்டைக் குஞ்சு விடற பிரிவு. தேர்தல் வந்தா எங்களை எல்லாம் பிடிச்சு ஆளுக்கொரு குளத்துல விட்டுடுவாங்க. எனக்குத் தெரிஞ்சு பல் டாக்டர் ஒருத்தரு சாராயக் கடையைக் கண்காணிச்சுக்கிட்டிருக்காரு. சரி, கல்லு விஷயமா வந்தேன். ரூல் என்ன சொல்லுதுன்னா, இதுல மூணு வழி இருக்கு. வேட்பாளர் போட்டிருந்தா லஞ்சம். யாரு போட்டாங்கன்னே தெரியலைன்னா, அரசு நிலத்துல ஆக்கிரமிப்பு. உடனே கல்லை எடுத்துடணும்.

— எடுத்துட்டா குழி?

— குழி இருக்கும்.

— அதை ஒண்ணும் செய்ய மாட்டீங்களா சாரே?

— குழி மேல புகார் வரலையே அம்மா. குழி சட்டப்படிதான் இருக்கு. கல்லுதான் சட்ட விரோதம்.

— கேட்டியா சுகதா? நேத்து வரைக்கும் நானும் தாசப்பனும் சட்டத்துக்குள்ளதான் விழுந்துக்கிட்டிருந்தோம்.

— எனக்கும் கேக்க நல்லாத்தான் இல்லை அம்மா. என்ன செய்யறது? மேல எழுதினவங்க யாரும் இந்தப் பக்கம் நடந்து வந்ததில்லை.

— மூணாவது வழின்னீங்களே சாரே?

— வீட்டுக்காரங்க தங்களோட கேட்டுக்கு முன்னாடி சொந்தக் கல்லைப் போட்டு நடந்துக்கலாம். அதுக்கு யாரையும் கேக்க வேண்டாம்.

— சார், சார், அப்ப சேச்சியோட கல்லுதான் சார் அது! எழுதிக்குங்க!

— நீங்க யாரு?

— சுகதன் சார். சுவர்ல எழுதறவன். நான் வெறும் பிரஷ்.

— பிரஷ் கொஞ்சம் பேசாம இருக்கட்டும். அம்மா, நான் வர்ற வழியில ரெண்டு கட்சி ஆபீசுலயும் விசாரிச்சேன். ரெண்டு பேரும் ஒத்துக்கிட்ட ஒரே விஷயம், கொச்சுராணிச் சேச்சி பொய் சொல்ல மாட்டாங்கங்கறதுதான். அதனால உங்க வாய்லேர்ந்து வர்றதை எழுதிக்கிட்டுப் போயிடுவேன். அதோ கேட்டுப் பக்கத்துல உங்க அந்தோணியார் சிலைக் கூட்டுக்கு முன்னாடியே கேக்கறேன். இது யாரோட கல்லு?

— சேச்சி, எனக்கு... க்க்கும்... தொண்டை அடைக்குது, கொஞ்சம் தண்ணி...

— இருமாதே. கண்ணடிக்காதே. எனக்குப் பொய் சொல்ல வராது சுகதா. உனக்காகவும் வராது, அந்தப் பவித்ரனுக்காகவும் வராது.

— ஒருத்தன் வாழ்க்கை சேச்சி! ஒரே ஒரு வார்த்தைதான்!

— அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிட்டு ஆபரேஷன் மேஜையில படுத்துக்கிட்டு அந்தோணியாரை எந்த வாயால கூப்பிடுவேன்? சாரே, கையைக் கொஞ்சம் பிடிங்க. நான் இன்னும் கிட்டப் போய்ப் பாக்கலை.

— மெதுவா, மெதுவா. நீங்க குனிய வேண்டாம், நான் பாக்கறேன். நல்ல கருங்கல்லு. ஆனா ஸ்லாப்புக்குன்னு வெட்டினது இல்லை. இந்த இடைவெளியில கையை விட்டா... அடிப்பக்கம் வழவழன்னு இருக்கு. நடுவுல குழிஞ்சிருக்கு. இது துணி துவைக்கிற கல்லு அம்மா. எங்க உம்மா இது மாதிரி ஒண்ணு வச்சிருந்தாங்க. சோப்பு வாசம் கூட இன்னும் போகலை.

— துவைக்கிற கல்லா?

— ஆமா. கவுத்துப் போட்டிருக்காங்க. சொரசொரப்பான பக்கம் மேல வர்ற மாதிரி. மழையில கால் வழுக்கக் கூடாதுன்னு யோசிச்சுப் போட்டிருக்காங்க.

— சாரே... அந்தக் குழிவுக்குப் பக்கத்துல, ஓரமா, விரலுக்கு ஏதாவது தட்டுப்படுதா?

— இருங்க. கோடு மாதிரி ஒண்ணு. குறுக்க இன்னொண்ணு.

— சிலுவையா?

— சிலுவைதான். தேய்ஞ்சு போயிருக்கு.

— ஒரு கை சின்னதா இருக்கும்.

— ஆமா! இந்தப் பக்கத்துக் கை சின்னது. உங்களுக்கு எப்படி...

— கொத்தறப்ப உளி நழுவிடுச்சு. 'ஈசோ கோவிச்சுக்க மாட்டாரு, அவரும் தச்சன்தான்'னு சொல்லிச் சிரிச்சாரு எங்க வீட்டுக்காரர். எழுதிக்குங்க சாரே. அது என் கல்லு.

— அம்மா, நல்லா யோசிச்சுச் சொல்றீங்களா?

— அந்தோணியார் சாட்சி. கல்யாணம் ஆகி வந்த புதுசுல என் புருஷன் எனக்காக வாங்கிப் போட்ட கல்லு. இன்னிக்கும் என் கல்லுதான்.

— அப்படின்னா லஞ்சமும் இல்லை, ஆக்கிரமிப்பும் இல்லை. எழுதிட்டேன். எப்படி இங்க வந்துச்சுன்னு நான் ஒரு கேள்வி கேக்கலாம்.

— கேட்டா சொல்லுவேன் சாரே. எனக்குத் தெரிஞ்ச வரைக்கும்.

— சொல்லிடுவீங்கன்னுதான் கேக்கலை. கேக்கணும்னு ரூல்ல எங்கயும் இல்லை. வர்றேன் அம்மா. ஆபரேஷன் நல்லபடியா நடக்கும். நானும் துஆ செய்யறேன்.

— சாரே, வெயில்ல வந்திருக்கீங்க, எலுமிச்சைத் தண்ணியாவது...

— தேர்தல் முடியற வரைக்கும் யாரு கையிலயும் தண்ணி கூடக் குடிக்கக் கூடாது. அதுவும் ரூல். முடிஞ்சதும் ஒரு நாள் வந்து குடிக்கிறேன்.

*

— ஜீப்பு வளைவு தாண்டிடுச்சு. சேச்சி! வாழ்நாள்ல முதல் பொய், அதுக்கே இவ்வளவு ஜோடனையா? சிலுவை, உளி, சின்னக் கை! எனக்கே கண்ணு கலங்கிடுச்சு.

— பொய் இல்லை.

— அந்தோணியாருக்குச் சொல்லுங்க அதை.

— அவருக்குத் தெரியும், உனக்குத்தான் தெரியலை. உட்காரு. ஒரு மழை வருஷம், கேட்டியா, கால்வாய் உடைஞ்சு அக்கரைக் குடிசை எல்லாம் போச்சு. ஒருத்தி, அப்பத்தான் வாய் ஓயாமப் பேசக் கத்துக்கிட்ட பொடியனோட வந்து, என் விறகுக் கொட்டில்ல தங்கினா. மழை விட்டும் போக இடமில்லை, தங்கினா. வீட்டுக்கு வீடு துணி துவைச்சுக் கொடுத்துப் பிழைச்சா. கடைசியில காலனியில வீடு கிடைச்சுது. போற அன்னிக்கு நான் பாத்திரம் குடுத்தேன், வாங்கலை. புடவை குடுத்தேன், வாங்கலை. அப்படி ஒரு ரோஷக்காரி. 'இந்தக் கல்லையாவது கொண்டு போ, பிழைப்புக்கு ஆகும்'னேன். 'இரவலாத் தந்தா வாங்கிக்கிறேன் சேச்சி. உங்களுக்கு வேணுங்கற அன்னிக்குத் திருப்பித் தருவேன்'னா. சரின்னேன். நான் மறந்தே போயிட்டேன்.

— அவங்க மறக்கலை.

— அந்தக் கல்லுல துவைச்சுத் துவைச்சுத்தான் அந்தப் பையனைப் படிக்க வச்சு ஆளாக்கினா. கொட்டில்ல இருந்தப்ப தினமும் கேட்டுல வந்து நின்னு போஸ்டரை வேடிக்கை பாப்பான் அவன்.

— 'இந்த மாமாவுக்கும் வீடு இல்லியா, நம்மள மாதிரி'ன்னு கேட்டது...

— ம்.

— அதான் இந்தச் சுவத்தைத் தொடக் கூடாதுன்னானா அவன்!

— பயம்னு நீதான் சொன்னே. சரி, நீ நேரா தேவகிகிட்ட போ. என் கிணத்தடியில புதுக் கல்லு சும்மாத்தான் கிடக்கு, இங்க வந்து துவைச்சுக்கச் சொல்லு. கால்வாய்ப் படி இறங்க வேண்டாம். கேட்டுச் சாவி அந்தோணியார் கூட்டுக்குப் பின்னாடி இருக்கும். இரவலான்னு கேப்பா. ஆமான்னு சொல்லிடு, இல்லைன்னா வர மாட்டா.

— சொல்லிடறேன். ஓட்டு, சேச்சி? பவித்ரனுக்குத்தானே?

— அதை அந்தோணியார்கிட்ட கூடச் சொல்ல மாட்டேன். ரகசிய ஓட்டுன்னு ஒரு சட்டம் இருக்கு. அவங்க போட்டதுல அது ஒண்ணாவது உருப்படி. எங்க போறே? கையைக் காட்டு.

— எதுக்கு?

— காட்டுன்னா காட்டு. ரெண்டையும்... அதானே பாத்தேன். ரெண்டு உள்ளங்கையும் கொப்புளம். சுவத்துல எழுதற கைக்கு எங்கேர்ந்துடா வரும் இது? இருபது வருஷமா இடுப்பு வலிக்காரி ஒருத்தி, தன்னந்தனியா அந்தக் கல்லை வண்டியில ஏத்தியிருப்பாளா?

— சேச்சி...

— பவித்ரனுக்குத் தெரியுமா?

— சத்தியமாத் தெரியாது. தெரிஞ்சா அவனுக்குத்தான் கேடுன்னு, அவன் தூங்கி எழறதுக்குள்ள முடிக்கச் சொன்னாங்க தேவகியம்மா. உங்க முட்டியையும் தாசப்பனையும் பத்தி நேத்து அவங்ககிட்டயும் சொன்னேன். பின்பக்கம் போய்க் கல்லைக் கழுவித் துடைச்சாங்க. 'சுகதா, வண்டி இருக்கா?'ன்னாங்க. யாரோட கல்லுன்னு கூடச் சொல்லலை.

— அப்ப, தடத்தை அழிக்காம விட்ட மடையன்...

— நான்தான்.

— இரு, தேங்காய் எண்ணெய் கொண்டு வர்றேன். ரெண்டு கட்சிக்கும் கூலிக்கு எழுதறவனாச்சே நீ. இதுக்கு யாரு கூலி குடுத்தா?

— நான் வெறும் பிரஷ் சேச்சி. முக்கின கை யாருதுன்னு பிரஷ் பாக்காது. இன்னிக்கு மட்டும் ஒரு தடவை பாத்துடுச்சு.